ஊற்றாத நுரை

ரெசின் மணம் பிடித்த கையை எத்தனை சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் அது போகாது, காதியார். உங்கள் தேநீர்க் கோப்பையில் அந்த மணம் ஒட்டியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நின்றுகொண்டே கதைக்கிறேன். இருக்கச் சொல்லாதீர்கள். இருந்தால் என் கால் தானாக ஆடத் தொடங்கும், பிறகு நீங்கள் நான் சொல்வதை விட்டுவிட்டுக் காலைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

என் தங்கச்சி றுஸ்னாவின் விசயமாக வந்தேன், கலியாண விசயங்களில் தீர்ப்புச் சொல்கிறவர் நீங்கள்தானே. அவளுடைய மாப்பிள்ளை றிபாஸ் கச்சான் காற்று வீசும் காலத்தில் பாய்ப்படகோடு கடலில் காணாமல் போனது மருதமுனையில் எல்லாருக்கும் தெரியும். மையித்துக் கரையொதுங்கவில்லை, கண்ட சாட்சியும் இல்லை, அதனால் மௌத்து என்று சொல்ல ஏலாது, பிள்ளை காத்திருக்கட்டும் என்று பள்ளிவாசலில் சொன்னார்கள். சரிதான். தெரியாத ஒன்றை எப்படிச் சொல்வது. அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. கண்ட சாட்சி ஒன்று இருக்கிறது என்று சொல்ல வந்தேன்.

அவசரப்படுத்தாதீர்கள். ஒழுங்காகச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

வாப்பாவும் உம்மாவும் சுனாமியில் போனபோது றுஸ்னா இரண்டாம் வகுப்பு. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. பெண்ணுக்கு வீடு வேண்டும், மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பார். கட்டிக் கொடுக்க வாப்பா இல்லாவிட்டால் கூடப்பிறந்த காக்கா கட்ட வேண்டும். நான் கட்டாருக்குப் போனேன். அங்கே ஒரு படகுப் பட்டறையில் ஃபைபர் வேலை. கண்ணாடித் தூசு தோலுக்குள் ஏறினால் தலையணையில் கன்னத்தை வைக்க முடியாது. லீவில் வரும்போதெல்லாம் அந்தத் தோலோடு வந்து வீட்டுக்கு ஒரு சுவர் எழுப்பிவிட்டுப் போவேன். எனக்கும் பெண் பேசினார்கள். வீடு முடியட்டும் என்றேன். வீடு முடிந்தபோது என் தலை நரைத்திருந்தது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

றிபாஸையும் நானே பார்த்துத்தான் முடித்து வைத்தேன். பொத்துவிலில் வெள்ளைக்காரர் நடத்திய ஒரு தங்குவிடுதியில் சமையல் செய்தவர். சிரித்த முகம், யாரையும் எதிர்த்துப் பேச மாட்டார். நான் கட்டாரை விட்டு ஊரோடு வந்தபோது வீட்டின் பின்பக்கம் எனக்கென்று ஒரு அறை போட்டுக்கொண்டேன். தற்காலிகம் என்றுதான் சொன்னேன். மத்தியானம் சோறு றுஸ்னாதான் கொண்டுவந்து வைப்பாள். கூரை ஓட்டை மாற்றுவது, தண்ணீர்க் குழாயைப் பார்ப்பது, ஜன்னல் கொண்டியை இறுக்குவது எல்லாம் நான். வீடு என்றால் ஒரு நாளும் வேலை முடியாது. எனக்கு அது பிடித்திருந்தது.

பிறகுதான் அந்தப் படகு வந்தது.

விடுதி நடத்திய வெள்ளைக்காரச் சோடி கொரோனா நேரம் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பவில்லை. அவர்களுடைய சின்னப் பாய்ப்படகு ட்ரெயிலரில் ஏற்றியபடியே தென்னைக்குக் கீழே கிடந்து உக்கிக்கொண்டிருந்தது. உனக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள் என்று றிபாஸுக்குப் போனில் சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு லேண்ட்மாஸ்டர் உழவு மெஷினில் கொழுவி இழுத்துக்கொண்டு வந்து நிற்கிறார். கேற்றுக்குள் அது நுழையவில்லை. நான் கட்டிய மதிலில் இரண்டு பாக நீளத்தை உடைத்தார்.

"கோவிக்காதீங்க மச்சான், மறுகா கட்டிக்கலாம்" என்றார்.

நான் கோபிக்கவில்லை. கல்லைப் பொறுக்கி ஓரமாக அடுக்கினேன்.

படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஆட்களின் மீன்பிடி போட் போல அல்ல. முன்னால் இரண்டு பேர் குனிந்து படுக்கக்கூடிய ஒரு சின்ன அறை, பின்னால் இருக்க இரு பக்கமும் பலகை. பாய்மரத்தைச் சாய்த்துப் படுக்க வைக்கலாம். அடியில் இருக்கும் இரும்புத் தகட்டை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளலாம். அதனால்தான் அதை ரோட்டில் இழுத்துக்கொண்டு திரியலாம். நல்ல கை செய்த படகு. கிடந்த கிடையில் கெட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். மேல்தட்டு மிதித்தால் அமிழ்ந்தது. அடி முழுக்கக் கொப்புளம். இரும்புத் தகடு துருவேறிப் பொருக்குப் பொருக்காகக் கழன்றது.

"மச்சான் கை வச்சா இது புதுசாப் போயிரும்" என்று றிபாஸ் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கை வைத்தேன். வேலையைக் கண்டால் எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மேல்தட்டை அறுத்து உக்கிய பலகையை எடுத்துப் புதுப் பலகை வைத்தேன். அடியைக் கிரைண்டரால் தேய்த்துக் காயவிட்டுக் கண்ணாடி நார் மெட் போட்டு ரெசின் பூசினேன். கச்சான் சூட்டில் ரெசின் கட்டுகிற வேகம் இருக்கிறதே, கலக்கிக் கையைத் திருப்புவதற்குள் கட்டியாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். கட்டாரில் கற்றதெல்லாம் அந்த முற்றத்தில் செய்து காட்டினேன்.

றுஸ்னா என்ன செய்தாள் தெரியுமா. முந்தானையைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, சமையலை விட்டுவிட்டு, மாப்பிள்ளையோடு சேர்ந்து படகைச் சுரண்டினாள். பெயின்ற் பூசினாள். அவருடைய தாடியில் வெள்ளை பட்டதென்று சிரித்தாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சிரித்தாள். நான் குசினிக்கு மாபிள் பதித்துக் கொடுத்த நாளில் "நல்லாரிக்கி காக்கா" என்று சொன்னாள், அவ்வளவுதான். அதற்காக நான் கணக்குப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இரண்டு சத்தத்தையும் கேட்டவன் என்ற அளவில் சொல்கிறேன்.

இருக்கைப் பலகைகளைக் கழற்றிய அன்றைக்குத்தான் விசயம் வெளிவந்தது. அந்தப் பலகைகளுக்குக் கீழே இந்தக் கரை முதல் அந்தக் கரை வரை நுரை அடைத்திருப்பார்கள். படகு கவிழ்ந்து தண்ணீர் ஏறினாலும் அந்த நுரை அதைத் தாழவிடாது. பிடித்துக்கொண்டு தொங்கலாம். இந்தப் படகில் அந்த நுரை தேநீரில் விழுந்த பாண் மாதிரி ஊறிப்போயிருந்தது.

"காக்கா, இஞ்ச பாருங்க, பிழிஞ்சா தண்ணி வருது" என்றாள் றுஸ்னா.

"எடுத்துப் போட்டுப் புதுசு ஊத்தணும்" என்றேன். அது சரியான முறை. எந்தப் பட்டறையிலும் அதைத்தான் சொல்வார்கள். தேங்காய் துருவுகிற அலகால் சுரண்டிச் சுரண்டி எல்லாவற்றையும் எடுத்தேன்.

பக்கத்தில் இருந்து நுரைத் துண்டுகளைச் சாக்கில் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள். "நாங்க பொத்துவிலுக்குப் போயிருவம் காக்கா. அவர் படகுல வெள்ளைக்காரர ஏத்துவார், நான் சமைச்சுக் குடுப்பன். ஒரு ஊடும் பாத்து வெச்சிரிக்கார்."

"சீசனுக்கா?"

"இல்ல. அங்கயே இரிக்கிறதுதான் யோசன."

"அப்ப இந்த ஊடு?"

"ஊடு எங்க ஓடப் போகுது. வாடகைக்கிக் குடுப்பம்." பிறகு என்னைப் பார்த்து, அன்பாகத்தான் சொன்னாள், நான் மறைக்க மாட்டேன். "நீங்களும் ஒரு கலியாணத்த முடிங்க காக்கா. எத்தன காலத்துக்கு எங்கட வாசலயே பாத்துக்கிட்டு இரிப்பீங்க."

நான் அலகைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து கடற்கரைக்கு நடந்தேன். திரும்பினேன். சாப்பிடாமல் மறுபடியும் நடந்தேன். எனக்காகச் சொல்லவில்லை, காதியார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. தன் சொந்த வீட்டை விட்டுப்போட்டு மாப்பிள்ளை பார்த்த வாடகை வீட்டுக்குப் போகிறாள் என்றால் ஊர் என்ன சொல்லும். எந்தப் பெண் போயிருக்கிறாள். நாளைக்கு ஒன்று நடந்தால் அவளுக்கு யார் இருக்கிறார்கள். அவளுக்கு எது நல்லது என்று யோசிக்க அந்த முற்றத்தில் என்னைத் தவிர ஆள் இல்லை.

புது நுரை இரண்டு போத்தலில் வரும். இரண்டையும் கலந்து ஊற்றினால் அப்ப மா போலப் பொங்கி இடம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். கொழும்பிலிருந்து எடுப்பித்து வைத்திருந்தேன். போத்தல்கள் என் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன. உடைக்கவில்லை, நீங்கள் ஆள் அனுப்பிப் பார்க்கலாம். நான் என்ன செய்தேனென்றால், ஊற்றாமல் பலகையை மூடி ரெசின் போட்டு அடைத்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. ஓட்டை போடவில்லை, எதையும் வெட்டவில்லை. உள்ளே காற்றுத்தான் இருந்தது. தண்ணீர் வடிய இரு ஓரத்திலும் படகு செய்தவர்கள் விட்டிருந்த துவாரத்தையும் இருந்தபடியே விட்டேன்.

வெள்ளிக்கிழமை கடலில் இறக்கிப் பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடியும் வரை நம் ஆட்கள் கடலுக்கு இறங்க மாட்டார்கள், கரை வெறுமையாக இருக்கும், படகை இறக்க வசதி என்றேன். அது பொய்யில்லை. றிபாஸ் சுபஹுத் தொழுத கையோடு இறங்க வேண்டும் என்றார். விடியற்காலையில் காற்று இராது. நான் பாய்மரக் கம்பியை இறுக்கினேன், தளர்த்தினேன், மறுபடி இறுக்கினேன். பாய்க் கயிறு ஒன்றைக் கழற்றி முடிச்சை மாற்றினேன். கச்சான் எழும்பி மணல் கண்ணில் அடிக்கும் வரை எனக்கு வேலை இருந்தது.

தள்ளி இறக்க வந்த நாலைந்து பேரும் குளித்துப் பள்ளிக்குப் போக வேண்டுமென்று ஓடிவிட்டார்கள். கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. அதனால் கரையோரம் அலை இராது. பார்க்கிறவனுக்குக் கடல் குளம் போலத் தெரியும். கொஞ்சம் வெளியே போனால்தான் அதன் குணம் தெரியும். றிபாஸ் சமையல்காரர், அவருக்கு அது தெரியாது.

"லைஃப் ஜக்கெற் ரெண்டும் எங்க மச்சான்?"

"நேத்து அலசிப் போட்டேன். காயல்ல."

கச்சானில் போர்வையும் ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும் என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். அவர் யோசிக்கவில்லை. என்னை நம்புகிறவர்.

"ஒள்ளுப்பம் தூரம் போய்ட்டு ஜும்மாக்கு முந்தி வந்திருவன். நுரையெல்லாம் ஊத்திட்டீங்கதானே?"

"ஓம்" என்றேன்.

நான் சொன்ன பொய் என்றால் அந்த இரண்டும்தான். பிறகு ஒன்று சொன்னேன், அதற்கு வருகிறேன்.

பாயை விரித்ததும் படகு பறந்தது. அதை நான் பெருமையாகத்தான் பார்த்தேன். அடியை அவ்வளவு வழவழப்பாகத் தேய்த்திருந்தேன். அவர் கையைத் தூக்கிக் காட்டினார். மருதமுனைக்கு நேரே நல்ல வெளியில் போய்த் திருப்ப முயன்றபோது காற்று பக்கவாட்டில் அடித்தது. பாய் சரிந்தது, நிமிர்ந்தது, மறுபடி சரிந்து தண்ணீரில் படுத்தது. பள்ளியில் குத்பாப் பிரசங்கம் தொடங்கியிருந்தது, ஒலிபெருக்கியில் கேட்டது. நுரை இருந்திருந்தால் படகு வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்திருக்கும். அது முதலில் பின்பக்கமாக இறங்கி, பிறகு இல்லாமல் போனது. அவர் தலை தெரிந்தது. கை தெரிந்தது. கரையைப் பார்த்துத்தான் அசைத்தார், ஏனென்றால் நான் அங்கே நிற்பது அவருக்குத் தெரியும்.

பாண்டிருப்பு கிறிஸ்ரோபரின் இலக்கம் என் போனில் இருந்தது. அவருடைய எஞ்சின் போட் வெள்ளிக்கிழமையும் ஓடும், அவர் வேதக்காரர், அவருக்கு ஞாயிறுதான் கோயில். கூப்பிட்டால் வந்திருப்பார். நான் ஒரு தோணியின் நிழலில் இருந்தேன். என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் என் காலும் கையும் ஆடாமல் கிடந்தன. தொழுகை முடிந்து சலாம் கொடுக்கிற சத்தம் கேட்டபோது தண்ணீரில் ஒன்றும் இல்லை. எனக்கு ஜும்மா தவறிப்போனது. அதற்கு அல்லாஹ்விடம் தவ்பா செய்துவிட்டேன்.

ஆட்கள் கரைக்கு வந்து கேட்டார்கள். தெற்கே, காரைதீவுப் பக்கம் பாயோடு போனதைக் கண்டேன், பொத்துவிலுக்கே ஓட்டிக்கொண்டு போகிறாரோ தெரியாது என்றேன். இதுதான் நான் சொன்ன மூன்றாவது. கிறிஸ்ரோபர் எண்ணெய் முடியும் வரை தெற்கே தேடிவிட்டு வந்தார். கண் சிவந்திருந்தது. "கவலப்படாதேயும் தம்பி, அந்த மாதிரிப் போட் தாழாது. ஆள் அதப் பிடிச்சிட்டுக் கிடக்கும்" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கடற்படையும் தெற்கேதான் தேடியது.

நான் எதிர்பார்க்காத ஒன்று அதற்குப் பிறகு நடந்தது. றுஸ்னா அழுவாள், பிறகு அடங்குவாள், வீட்டில் இருப்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் அழவில்லை. அந்தப் படகு தாழாத படகு என்று அவளுக்குத் தெரியும், ஊறிய நுரையை அவள்தான் சாக்கில் அள்ளிப் போட்டவள், புதிது ஊற்றியது காக்கா. அப்படியென்றால் அவர் மிதந்துகொண்டுதானே இருக்க வேண்டும். கடலில் இழுபட்டு அந்தமானில் கரையேறியவர்களின் கதையை யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது போன் கையை விட்டு இறங்குவதில்லை. சோற்றை வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போவாள், வருவாள், மறுபடி போவாள். என்னைப் பார்த்துக் கேட்பாள். "நீங்க நல்லா ஊத்தினீங்கதானே காக்கா? ஓரமெல்லாம் அடச்சீங்கதானே?" ஓம் என்பேன். அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். "அல்லாஹ் ஒங்கட கைக்கி பரக்கத் செய்யட்டும்" என்பாள். கஷ்டமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

நேற்றுக் காலை பார்க்கிறேன், உடுப்பு மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"பொத்துவிலுக்குப் போறன் காக்கா. அவர் பாத்த ஊட்டுலயே இரிக்கன். அவர் தெக்க போனதுதானே நீங்க கண்டது. வந்தா முதல்ல அங்கதான் வருவார்."

"தனியாவா?"

"அவர் வாற வரைக்கும்தானே."

ஒரு ஆணைத் தடுக்க முடிந்தது, நம்பிக்கையை என்ன செய்வது. அதுவும் நான் கொடுத்த நம்பிக்கை. இரவு முழுக்க முற்றத்தில் நடந்தேன். ட்ரெயிலர் அங்கேதான் நிற்கிறது, இருட்டில் இரண்டு தரம் முழங்காலை இடித்துக்கொண்டேன். விடிய உங்களிடம் வந்தேன்.

ஆகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். றிபாஸ் மௌத்து. மருதமுனைக்கு நேரே, ஜும்மா நேரத்தில், தாழ்ந்து போனதை நான் கண்ணால் கண்டேன். படகு தாழும் என்று எனக்கு முன்பே தெரியும், ஏனென்றால் அதைத் தாழும்படி வைத்தது நான்தான். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, யாரும் கூட இருக்கவில்லை. கல்முனைப் பொலிசுக்கு நானே நடந்து போவேன், ஒருவரும் பிடித்துக்கொண்டு போகத் தேவையில்லை. தூக்கென்றாலும் சரி, அதைப் பற்றி உங்களிடம் கேட்க வரவில்லை.

நான் கேட்க வந்தது இத்தாவைப் பற்றி. மாப்பிள்ளை மௌத்தானால் பெண் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும், மாப்பிள்ளையோடு வாழ்ந்த வீட்டிலேயே இருக்க வேண்டும், வெளிக்கிடக் கூடாது. இப்போது இது உறுதியாகிவிட்டது, சாட்சி உங்கள் முன்னால் நிற்கிறது. பொத்துவில் பேச்சுக்கு இனி இடமில்லை. ஒரு சிக்கல்தான். மௌத்தான நாளிலிருந்து எண்ண வேண்டுமென்று ஓதியவர்கள் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டேன். அப்படி எண்ணினால் பெரும்பகுதி முடிந்துபோய்விட்டது, மாரி மழை பிடிப்பதற்குள் அவள் வெளிக்கிட்டுவிடுவாள். செய்தி கிடைத்த நாளிலிருந்து எண்ணலாம் என்றும் ஒரு சொல் இருப்பதாகக் கேள்வி. நீங்கள் இன்றையிலிருந்து எண்ணுங்கள், காதியார். ஒரு பிள்ளை தன் வீட்டில் கொஞ்சக் காலம் அமைதியாக இருந்தால், அந்த வீட்டின் அருமை அவளுக்கே விளங்கும்.

அவளிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். நான் சொன்னால் எனக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடுவாள்.